மேலாளர்களோடு உட்காரும் ஆலோசகருக்கு: ஆளுமை வகையும் ஆழ்மன உளவியலும்

ஆலோசனைப் படிப்பை முடித்துவிட்டு சிங்கப்பூர் நிறுவனங்களில் வேலை செய்ய வருகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "எந்த டெஸ்ட் கற்றுக்கொள்ளட்டும்?" டெஸ்டைச் சில நாள் பயிற்சியிலேயே கற்றுக்கொண்டுவிடலாம். எதிரே ஒரு மேலாளர் உட்கார்ந்து, "என் குழுவில் மட்டும் ஏன் ஆறு மாதத்துக்கு ஒருவர் வேலையை விட்டுப் போகிறார்?" என்று கேட்கும்போது என்ன செய்வது? அதைக் கற்றுக்கொள்ளத்தான் வருடங்கள் பிடிக்கின்றன. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஒரு மேலாளர் எதில் கெட்டிக்காரர் என்பது அவருக்கும் தெரியும், அவருடைய முதலாளிக்கும் தெரியும். அதற்காகத்தானே பதவி கொடுத்தார்கள்! அவருக்குக் கீழே இருப்பவர்கள் அவதிப்படுவது, அவரிடம் வளராமல் கிடக்கும் பக்கத்தால். அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று ஆளுமை வகை காட்டும். அதோடு எப்படிப் பழகுவது என்று ஆழ்மன உளவியல் சொல்லித்தரும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொண்டால் வேலை பாதியில் நின்றுவிடும். நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான். கீழே வரும் படிகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

முதல் படி: வேரைப் படியுங்கள்

இந்தத் துறையின் வேர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங் 1921-இல் வெளியிட்ட 'உளவியல் வகைகள்' என்ற நூலில் இருக்கிறது. மனம் நான்கு விதமாக இயங்குகிறது என்றார் அவர். தகவல் வாங்க இரண்டு வழிகள்: புலன், உள்ளுணர்வு. முடிவுக்கு வர இரண்டு வழிகள்: சிந்தனை, உணர்வு. ஒவ்வொன்றும் வெளியுலகை நோக்கியும் திரும்பலாம், உள்ளே நோக்கியும் திரும்பலாம். அப்படிப் பார்த்தால் எட்டு.

அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற பெண்மணி ஆளுமை பற்றித் தானாகவே ஆராய்ந்துகொண்டிருந்தார். 1923-இல் யுங்கின் நூல் ஆங்கிலத்தில் வந்ததும் அதைப் பற்றிக்கொண்டார். அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதைக் கேள்வித்தாளாக மாற்றத் தொடங்கினார். இரண்டு பேருமே உளவியலில் பட்டம் பெற்றவர்கள் இல்லை. அந்தக் கேள்வித்தாள்தான் இன்று எம்பிடிஐ (மையர்ஸ்-பிரிக்ஸ் டைப் இண்டிகேட்டர்) என்று உலகம் முழுக்க நிறுவனங்களில் புழங்குகிறது. அதில் முதல் எழுத்து வெளியே திரும்பியவரா (புறமுகம், 'இ') உள்ளே திரும்பியவரா (அகமுகம், 'ஐ') என்று சொல்லும். இரண்டாவது, புலன் ('எஸ்') அல்லது உள்ளுணர்வு ('என்'). மூன்றாவது, சிந்தனை ('டி') அல்லது உணர்வு ('எஃப்'). யுங்கின் இந்த வகைகளோடு 'ஜே' அல்லது 'பி' என்ற நான்காவது எழுத்தைச் சேர்த்து, மொத்தம் 16 வகைகள் ஆக்கினார்கள்.

அந்த நான்காவது எழுத்து எதற்கு என்று பயிற்சி முடித்தவர்களிடம் கேட்டால் பலர் "ஒழுங்கானவர் ஜே, ஒழுங்கில்லாதவர் பி" என்பார்கள். அதோடு நின்றுவிட்டால் உள்ளே போகும் கதவை நீங்களே சாத்திவிட்டீர்கள் என்று பொருள். ஒருவர் வெளியுலகுக்கு எதைக் காட்டுகிறார் என்று சொல்வதுதான் அந்த எழுத்தின் வேலை. ஜே என்றால் முடிவெடுக்கும் செயலைக் காட்டுகிறார், அதாவது மூன்றாவது எழுத்தை. பி என்றால் தகவல் வாங்கும் செயலை, அதாவது இரண்டாவது எழுத்தை. புறமுகத்தவரிடம் வெளியே தெரிவதே முதன்மைச் செயல், அதாவது அவர் அதிகம் நம்பி இயங்குவது. அகமுகத்தவர் முதன்மையானதை உள்ளே வைத்துக்கொண்டு துணைச் செயலைத்தான் வெளியே அனுப்புவார். முதன்மைச் செயல் தெரிந்துவிட்டால் அதற்கு நேர் எதிரே இருப்பது தானாகத் தெரிந்துவிடும். அதைத் தாழ்ந்த செயல் என்பார்கள். நான் 'வளராத பக்கம்' என்று சொல்வேன்.

இஎஸ்டிஜே என்று வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடைசி எழுத்து ஜே, ஆகவே வெளியே தெரிவது சிந்தனை. அவர் புறமுகத்தவர், ஆகவே அதுதான் முதன்மை. எதிர்ப்பக்கம், உள்ளே திரும்பிய உணர்வு. ஐஎஸ்டிஜேக்கும் வெளியே தெரிவது சிந்தனைதான். ஆனால் அவர் அகமுகத்தவர் என்பதால் முதன்மையானது உள்ளே திரும்பிய புலன். அவருடைய வளராத பக்கம் வெளியே திரும்பிய உள்ளுணர்வு. ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் இருவரும் உடையும் இடம் வேறு வேறு. இந்தக் கணக்கை 16 வகைக்கும் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மனப்பாடம் வேண்டாம், போடத் தெரிந்தால் போதும்.

இதற்கு மேலே போக விரும்பினால், சான்ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த யுங்கியப் பகுப்பாய்வாளர் ஜான் பீபி எட்டுச் செயல்களுக்கும் மனதுக்குள் வாழும் எட்டுப் பாத்திரங்களைப் பொருத்தி ஒரு வரைபடம் தந்திருக்கிறார். அருமையான வேலை. ஆனால் முதல் வருடத்தில் அதைத் தொட வேண்டாம்.

தமிழில் சொல்லும்போது

இங்கே ஒரு சிக்கல். நம் மொழிபெயர்ப்புகளில் புலனுணர்வு, உள்ளுணர்வு, உணர்வு என்று மூன்றிலும் 'உணர்வு' ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேட்பவர் குழம்பிவிடுவார். அதிலும் கடைசிச் சொல்லைக் கேட்டதும் அழுகை, கோபம் என்று நினைத்துக்கொள்வார். யுங் சொன்ன உணர்வு உணர்ச்சிவசப்படுவது இல்லை. எனக்கு இது முக்கியமா, இது சரியா, இந்த மனிதரை இது என்ன செய்யும் என்று எடைபோடுகிற செயல் அது. கணக்கு வழக்கில் கறாராக இருக்கிறவர் கோபத்தில் மேசையைத் தட்டுவார். அதனால் அவரிடம் உணர்வு வளர்ந்திருக்கிறது என்று ஆகாது.

நான் வீட்டுப் பேச்சில் சொல்லிப் பார்த்தேன், வேலை செய்தது. புலன் என்பது 'கண்ணுக்குத் தெரிவது'. உள்ளுணர்வு 'மனசுக்குப் படுவது'. சிந்தனை 'கணக்குப் போட்டுப் பார்ப்பது'. உணர்வு 'மனசுக்கு ஒப்புவது'. "புதிய ஆளை வேலைக்கு எடுக்கும்போது நீங்கள் கணக்குப் போடுவீர்களா, மனசுக்கு ஒப்புகிறதா என்று பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் பத்து நிமிடம் விளக்க வேண்டியது ஒரு கேள்வியில் முடிந்துவிடும்.

இரண்டாம் படி: முதலில் உங்கள் மேல்

கேள்வித்தாளுக்கு நீங்களே பதில் எழுதுங்கள். முடிவை இரண்டு மாதம் நம்பாமல் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வளராத பக்கம் எங்கே தலைகாட்டுகிறது என்று தினமும் இரண்டு வரி எழுதுங்கள். யார் மேல் எரிச்சல் வந்தது, எப்போது நாக்கு குழறியது, எந்த வேலையைத் தள்ளிப் போட்டீர்கள் என்பவையே போதும்.

எனக்கு வளராத பக்கம் கணக்குப் போடுவது. யாராவது என் பேச்சில் ஒரு தர்க்கப் பிழையைக் காட்டினால் அன்று இரவு முழுக்க மனதுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். இது தெரியாமல் நான் பொறியாளர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தால், அவர்களுடைய சாதாரணக் கேள்விகளைத் தாக்குதலாக எடுத்துக்கொண்டு அவர்களை 'உணர்ச்சியற்றவர்கள்' என்று எழுதிவைத்திருப்பேன். ஆலோசகருடைய இருட்டு, எதிரே இருப்பவர் மேல் விழும். ஆகவே உங்களுக்கும் ஓர் ஆலோசகர் வேண்டும், மாதம் ஒருமுறையாவது உங்கள் வேலையைக் கேட்டுத் திருத்தும் மேற்பார்வையாளர் வேண்டும். பணம் செலவாகும்தான். இந்த ஒரு செலவைக் குறைக்காதீர்கள்.

அப்புறம், உங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. ஆலோசகராக வேலை செய்தால் சிங்கப்பூர் அசோசியேஷன் ஃபார் கவுன்சலிங் சங்கத்தின் பதிவுத் தகுதிகளைப் பாருங்கள். அதன் நெறிமுறை உங்களைக் கட்டுப்படுத்தட்டும். சில நாள் சான்றிதழ் வகுப்பை வைத்து 'யுங்கியப் பகுப்பாய்வாளர்' என்று அட்டை அடிக்காதீர்கள். அது பல வருடப் பயிற்சியும், தன்னையே பகுப்பாய்வுக்கு உட்படுத்திக்கொள்வதும் சேர்ந்த தனித் தகுதி.

மூன்றாம் படி: யார் எதைப் பார்க்கலாம்

காசு கொடுப்பது நிறுவனம், மனதைத் திறப்பது மேலாளர். இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் முதல் சந்திப்புக்கு முன்பே மனிதவளத் துறை, மேலாளருடைய மேலதிகாரி, மேலாளர், நீங்கள் என எல்லாரும் சேர்ந்து ஒருமுறை உட்காருங்கள். எத்தனை சந்திப்பு, என்ன நோக்கம், நிறுவனத்துக்கு என்ன தகவல் போகும் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் ஒத்துக்கொள்வது இவ்வளவுதான்: மேலாளர் வந்தாரா இல்லையா, எந்த இலக்கு பற்றி வேலை செய்கிறோம். அந்த இலக்கையும் அவர் சம்மதித்த சொற்களில்தான் சொல்வேன். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ரகசியத்தை உடைப்பேன் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன்.

கேள்வித்தாள் முடிவும் தனிநபர் தகவல்தான். 2012-இல் இயற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கே உண்டு. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்று, அந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கேள்விகளை நீங்களாகத் தமிழாக்கி அச்சடித்துக் கொடுக்கவும் கூடாது. காப்புரிமை ஒரு பக்கம், அளவீடு கெட்டுவிடுவது இன்னொரு பக்கம்.

எம்பிடிஐயை ஆள் எடுக்கவோ பதவி உயர்வு முடிவு செய்யவோ பயன்படுத்தக் கூடாது. அதை வெளியிடுபவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில், ஒரு நிறுவனத்தில் நடத்திய பயிலரங்குக்குப் பிறகு எல்லார் மேசையிலும் நான்கு எழுத்து அட்டையை ஒட்டிவிட்டார்கள். நான் தடுக்கவில்லை, உற்சாகமாக இருக்கிறார்களே என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு பெண் என்னை அழைத்தார். அட்டையில் 'ஐ' என்று இருந்ததால் வாடிக்கையாளர் சந்திப்புகளுக்குத் தன்னை அழைத்துப் போவதை நிறுத்திவிட்டார்கள் என்றார். அதற்கு முந்தைய நான்கு வருடம் அந்தச் சந்திப்புகளை நன்றாக நடத்தியவர் அவர். அந்தத் தொலைபேசி அழைப்பை இன்றும் மறக்க முடியவில்லை. இப்போது என் ஒப்பந்தத்தில், அட்டை ஒட்டக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது.

நான்காம் படி: கதை முதலில், கேள்வித்தாள் பிறகு

முதல் சந்திப்பில் மடிக்கணினியைத் திறக்காதீர்கள். அவர் எந்த வேலையில் நேரம் போவதே தெரியாமல் இருந்தார், எந்த வேலை முடிந்ததும் துவண்டு போனார் என்று கேளுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த ஆண்களிடம் நான் தவறாமல் கேட்பது: "தேசிய சேவையில் உங்களுக்கு வாய்த்த சார்ஜன்ட் எப்படி?" ஆண்களுக்குக் கட்டாயமான அந்தச் சேவையில், பதினெட்டு, பத்தொன்பது வயதில் அதிகாரம் என்றால் என்ன என்று அவர்கள் முதலில் முகத்துக்கு நேராகப் பார்த்த ஆள் அவர். சிலர் அவரைப் போலவே ஆகியிருப்பார்கள்; சிலர் அவரைப் போல ஆகிவிடவே கூடாது என்று இன்றுவரை ஓடிக்கொண்டிருப்பார்கள். தஞ்சாவூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ வேலைக்கு வந்தவர்களிடம் பள்ளித் தலைமையாசிரியரையோ முதல் முதலாளியையோ பற்றிக் கேளுங்கள். அதே விஷயம்தான் வெளியே வரும்.

அதற்குப் பிறகு நான்கு ஜோடிகளையும் விளக்கி, தான் எந்தப் பக்கம் என்று அவரே குறித்துக்கொள்ளட்டும். கேள்வித்தாள் முடிவை அப்புறம் காட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நின்று பேசுங்கள், அங்கேதான் சரக்கு இருக்கிறது. எந்த வகை தனக்குப் பொருந்துகிறது என்று கடைசியில் சொல்ல வேண்டியவர் அவர். கேள்வித்தாளும் இல்லை, நீங்களும் இல்லை.

சிங்கப்பூரில் இந்த இடத்தில் மூன்று பள்ளங்கள் உண்டு.

பெரியவர்கள் முன்னால் வாயைத் திறக்காதே என்று வளர்க்கப்பட்டவர், கூட்டத்தில் மேலதிகாரி முன் பேசமாட்டார். அதை அகமுகம் என்று எழுதிவிடாதீர்கள். சனிக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நண்பர்களோடு தேநீர் குடிக்கும்போது அவர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். மேசைக்கே குரல் அவருடையதாக இருக்கலாம்.

இரண்டாவது, கியாசு. பின்தங்கிவிடுவோமோ என்ற அந்தப் பயத்தால் நாட்காட்டியை நிரப்பிவைத்திருக்கும் எல்லாருக்கும் கேள்வித்தாளில் ஜே வந்துவிடும். "விடுமுறைக்கு ஊருக்குப் போனால் முதல் மூன்று நாள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் உண்மையான சாய்வு தெரியும்.

மூன்றாவது, மொழி. அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று வாழ்கிறவர் ஆங்கிலக் கேள்விக்கு அலுவலக ஆளாகவே பதில் சொல்வார். யுங் இதை பெர்சோனா என்றார், நடிகர் அணியும் முகமூடிக்கான லத்தீன் சொல். முகமூடி தவறில்லை, அது இல்லாமல் ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலக வட்டாரத்தில் ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது. ஆனால் உங்களுக்கு வந்த நான்கு எழுத்து முகத்துடையதா முகமூடியுடையதா என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் கருவியின் குறைகளையும் மேலாளரிடம் நேராகச் சொல்லிவிடுவேன். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு ஏதாவது ஓர் எழுத்து மாறிவிடுகிறது. மக்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பதில்லை, பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். ஆராய்ச்சி உளவியலாளர்கள் பெரும்பாலும் ஐந்து பெரும் பண்புகள் என்ற அளவீட்டைத்தான் நம்புகிறார்கள். சரி, அப்படியானால் இது எதற்கு? பேச்சைத் தொடங்குவதற்கு. ஒரு மனிதர் தன்னைப் பற்றிப் பேச இதமான சொற்களை இது கொடுக்கிறது. அளவுகோலாக இதை விற்காதீர்கள். "நான் ஐஎன்எஃப்ஜே, அப்படித்தான் இருப்பேன்" என்று ஒருவர் சொன்னால், "எனக்கு ஏழரை நடக்கிறது" என்று சொல்வது போல ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டு மெதுவாக அவரை அங்கிருந்து நகர்த்துங்கள்.

ஐந்தாம் படி: வளராத பக்கத்துக்குள் போவது

இங்கே அவசரம் கூடாது. மூன்று நான்கு சந்திப்புக்குப் பிறகு, அவர் உங்களை நம்பத் தொடங்கியதும் கேளுங்கள்: "கடைசியாக எப்போது 'நானா இப்படி நடந்துகொண்டேன்' என்று தோன்றியது?" எல்லாரிடமும் ஒரு கதை இருக்கும்.

களைப்பிலும் நெருக்கடியிலும் முதன்மைச் செயல் ஓய்ந்துபோய், வளராத பக்கம் வண்டியை ஓட்ட ஆரம்பித்துவிடும். கணக்குப் போட்டே வாழ்ந்த புறமுகத்தவர் திடீரென்று "யாருமே என்னை மதிப்பதில்லை" என்று சுருண்டுகொள்வார். எல்லாரையும் அரவணைத்துப் போகிறவர் ஒவ்வொரு வரியிலும் குற்றம் கண்டுபிடிக்கும் விமர்சகராக மாறுவார். விவரங்களை விரல் நுனியில் வைத்திருக்கும் அகமுகத்தவர் இனி எல்லாமே நாசம் என்று இல்லாத ஆபத்துகளைப் பார்ப்பார். யுங்கின் நெருங்கிய மாணவி மரி லூயிசே ஃபான் ஃபிரான்ஸ் 1961-இல் இதைப் பற்றித் தனிச் சொற்பொழிவு வரிசையே நடத்தினார். இந்தப் பக்கம் மெதுவானது, சுருக்கென்று புண்படுவது, ஆனால் நனவிலி மனம் உள்ளே வரும் வாசலும் இதுதான் என்று விளக்கினார்.

பல பேரிடம் பார்த்ததைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி, ஒரே ஆளாகச் சொல்கிறேன். கட்டுமானத் துறையில் திட்ட மேலாளர், நாற்பது வயதுக்கு மேல். இஎஸ்டிஜே. தேதி தவறாமல் வேலையை முடிப்பார். அவருடைய குழுவில் ஆட்கள் நிற்பதில்லை. நான்கு சந்திப்பும் நல்ல ஆங்கிலத்தில் அட்டவணை, ஆள்பலம், சந்தை நிலவரம் என்றே பேசினார். ஐந்தாவதில், கடைசியாக விலகிய இளைஞரைப் பற்றிச் சொல்லும்போது நடு வாக்கியத்தில் தமிழுக்கு மாறினார்: "ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டான்." உடனே மறுபடி ஆங்கிலம்.

அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். யுங் இளம் மருத்துவராக ஜூரிக்கின் புர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனையில் சொல் இணைப்புச் சோதனை நடத்தினார். நூறு சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, மனதில் முதலில் தோன்றும் சொல்லைக் கேட்பார். எந்தச் சொல்லுக்குப் பதில் தாமதமாகிறது என்று கடிகாரம் வைத்துக் குறிப்பார். தாமதம் வந்த இடத்தில் உணர்ச்சி கட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு முடிச்சு இருந்தது. அதைத்தான் அவர் காம்ப்ளெக்ஸ் என்றார். இருமொழி, மும்மொழி பேசும் இந்த ஊரில் கடிகாரம் இல்லாமலே அது எனக்குத் தெரிந்துவிடுகிறது. எந்தச் சொல்லில் மொழி மாறுகிறதோ அங்கே முடிச்சு இருக்க வாய்ப்பு அதிகம். தமிழ் ஆலோசகருக்கு இது பெரிய வரம். ஆங்கிலம் மட்டும் தெரிந்த சக ஆலோசகர் இதைத் தவறவிட்டிருப்பார்.

"சொல்லாமல் போனது என்றால் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்?" என்று தமிழிலேயே கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. அப்பா, துறைமுகத்தில் இரவு வேலை. பிள்ளைகள் எழுவதற்குள் வந்து தூங்கிவிடுவார். அவர்கள் தூங்கிய பிறகு கிளம்பிவிடுவார். பரீட்சையில் முதலிடம் வந்தாலும், "செஞ்சா செஞ்சதுதான், அதுல பாராட்ட என்ன இருக்கு" என்பதுதான் அவர் சொன்னது. இவர் தன் குழுவிடம் சொல்வதும் அதே வாக்கியம், ஆங்கிலத்தில்.

இந்த இடத்தில் புதியவர்கள் செய்யும் தவறு, உடனே விளக்கம் சொல்வது. "உங்கள் அப்பா மேல் இருக்கும் வருத்தத்தை ஊழியர் மேல் காட்டுகிறீர்கள்" என்று சொல்லிவிட்டால் அவர் மறுபடி கணக்குக்குள் போய் ஒளிந்துகொள்வார். நான் ஒரு பயிற்சி மட்டும் கொடுத்தேன். தினமும் இரவு, இன்று எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று இரண்டு வரி எழுத வேண்டும். 'ஏன்' என்று எழுதவே கூடாது. ஏன் என்று எழுதினால் சிந்தனை வந்து பேனாவைப் பிடுங்கிக்கொள்ளும். முதல் வாரம் அவர் கொண்டுவந்தது காலிப் பக்கம். இரண்டாம் வாரம், "மழை பிடித்தது." ஆறாவது வாரம், மேற்பார்வையாளர் ஒருவர் தன் கீழ் வேலை செய்யும் பங்ளாதேஷ் ஊழியருக்குப் பொறுமையாக வேலை சொல்லிக்கொடுத்ததைப் பார்த்தது பிடித்தது என்று எழுதியிருந்தார். "அதை அவரிடம் சொன்னீர்களா?" என்றேன். மறுநாள் போய்ச் சொல்லியிருக்கிறார்.

வளராத பக்கத்தை முதன்மையானதற்குச் சமமாக வளர்க்க முடியாது, முயலவும் வேண்டாம். அது இருப்பதைத் தெரிந்துகொண்டு, தினமும் கொஞ்சம் இடம் கொடுத்தால் நெருக்கடியில் வீட்டையே கொளுத்தாது.

ஆறாம் படி: நிழல்

தன்னிடம் இருப்பதை ஒத்துக்கொள்ள முடியாமல் ஒதுக்கியதை எல்லாம் யுங் நிழல் என்றார். நிழலை நேராகப் பார்க்க முடியாது, அடுத்தவர் மேல் விழும்போதுதான் தெரியும். "அலுவலகத்தில் உங்களை அதிகம் எரிச்சல்படுத்துகிறவர் யார்? அவரை மூன்று சொல்லில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அந்த மூன்று சொல்லை ஒரு தாளில் எழுதி அவர் பக்கம் திருப்பி வையுங்கள். "இதில் ஏதாவது ஒன்றை உங்களுக்கு நீங்களே எப்போதாவது அனுமதித்தது உண்டா?" சோம்பேறி என்று எழுதியவர் பல வருடமாக விடுப்பே எடுக்காதவராக இருப்பார்.

பல இனத்தவர் சேர்ந்து வேலை செய்யும் ஊர் இது. நிழல் ஒரு தனிமனிதர் மேல் விழாமல் ஒரு கூட்டத்தின் மேலேயே விழலாம்: "அந்த ஆட்களே இப்படித்தான்." நம்மவர்கள் மற்றவர்களைச் சொல்வதும் உண்டு, இங்கே பிறந்த தமிழர் ஊரிலிருந்து வந்த தமிழரைச் சொல்வதும் உண்டு. கேட்டுவிட்டுச் சிரித்துக் கடந்துபோகாதீர்கள், கண்டிக்கவும் வேண்டாம். "அந்த ஆட்களில் ஒருவரைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள், அவர் என்ன செய்தார்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு மனிதருக்குக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் நிழல் என்று தள்ளிவிடவும் கூடாது. மேலாளரை உண்மையாகவே ஒருவர் அவமதித்திருக்கலாம். அப்போது தேவை நியாயமான நடவடிக்கை, உள்நோக்கிய பார்வையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கனவுகளை நீங்களாகக் கேட்காதீர்கள். அவராகக் கொண்டுவந்தால் கேளுங்கள். பாம்பு வந்தால் பகை, பல் விழுந்தால் துக்கம் என்று நாம் வளர்ந்த கனவுப் பலன்களை வாசலில் விட்டுவிட்டு, "பாம்பு என்றால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று மட்டும் கேளுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்

தூக்கம் பல வாரமாக இல்லை, எதிலும் பற்று இல்லை, குடி கூடிவிட்டது, சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் தலைமைத்துவப் பயிற்சியை அந்த நொடியே நிறுத்துங்கள். வகையைப் பற்றியும் நிழலைப் பற்றியும் பேசும் நேரம் இல்லை அது. தேசிய மனநல உதவித் தொலைபேசி 1771, தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் (சமாரிடன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்) அமைப்பின் 24 மணி நேர எண் 1767 இரண்டையும் உங்கள் தொலைபேசியில் வைத்திருங்கள். அவரோடு உட்கார்ந்தே அழைக்க உதவுங்கள். மருத்துவரிடம் அனுப்புவது தோல்வி இல்லை. நீங்கள் யாரிடம் அனுப்புவீர்கள் என்ற பட்டியலை முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவோடு ஒரு நாள்

மேலாளரோடு தனி வேலை ஓரளவு முடிந்த பிறகுதான் குழுப் பயிலரங்கு. தலைகீழாகச் செய்தால் அவர் குழுவை எடைபோட உங்களைப் பயன்படுத்துவார். எழுத்துகளைச் சொல்லச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரே வேலையை இரண்டு குழுவுக்குக் கொடுங்கள்: தீபாவளி ஒன்றுகூடலுக்குத் திட்டம் போடச் சொன்னால் போதும். புலன் சாய்வு உள்ளவர்கள் எத்தனை பேர், எந்த மண்டபம், சைவம் எத்தனை என்று ஆரம்பிப்பார்கள். உள்ளுணர்வுக்காரர்கள் இந்த வருடம் எப்படிப் புதுமையாகச் செய்யலாம் என்று போவார்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாலே அறை புரிந்துகொள்ளும். நீங்கள் அதிகம் பேச வேண்டியதில்லை.

மூன்று மாதம் கழித்து

கடைசிச் சந்திப்போடு விட்டுவிடாமல், மூன்று மாதம் கழித்து ஒரு மணி நேரம் குறித்துவையுங்கள். கட்டணத்தில் முன்பே சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடக்காது. அவருடைய நான்கு எழுத்து நினைவிருக்கிறதா என்று சோதிக்காதீர்கள். கேட்க வேண்டியது: கடைசியாகக் கோபம் வந்தபோது, அது வருவதற்கு எவ்வளவு முன்னால் தெரிந்தது? முதலில் அவர்கள் "மறுநாள்தான் தெரிந்தது" என்பார்கள். அந்தத் திட்ட மேலாளர் வந்தபோது, "சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது, பாதியில் நிறுத்தினேன்" என்றார். பிறகு கைப்பேசியை எடுத்து, இரவில் எழுதும் இரண்டு வரிகளைக் காட்டினார். இப்போது தமிழில் எழுதுகிறார்.